வானத்துக்கு ஒரு காவல்

வால் நட்சத்திரம் தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்பது உலகத்தின் மிகப் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. நம் நாட்டிலும் சரி, சீனத்திலும் சரி, ஐரோப்பாவிலும் சரி, தூமகேது தென்பட்ட மாத்திரத்தில் அரண்மனைகளில் கவலை குடிபுகுந்தது. ஜோஸியர்கள் அழைக்கப்பட்டார்கள், சாந்திகள் செய்யப்பட்டன. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலாவது ஓர் அரசன் இறந்துகொண்டுதான் இருந்தான் ஆகையால், இந்த நம்பிக்கைக்கு அத்தாட்சி கிடைப்பதில் ஒருபோதும் சிரமம் இருந்ததில்லை.

1910-ம் வருஷம் ஹாலி தூமகேது வந்தபோது அத்தாட்சி மிகவும் பலமாகக் கிடைத்தது. அந்த வருஷம் மே மாதம் 6-ந் தேதி இங்கிலாந்தின் அரசரும் அப்போது இந்தியாவின் சக்கரவர்த்தியுமான ஏழாம் எட்வர்ட் காலமானார். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, மே 18, 19 தேதிகளில், தூமகேதுவின் வாலுக்குள்ளே பூமி புகுந்து செல்லும் என்று வான சாஸ்திரிகள் கணக்கிட்டிருந்தார்கள். அந்த வாலில் சயனோஜன் என்னும் விஷ வாயு இருப்பதாக அதே வருஷம் கண்டுபிடித்தும் இருந்தார்கள். இந்த இரண்டு செய்திகளும் பத்திரிகைகளில் ஒன்று சேர்ந்தபோது, மேல் நாட்டு ஜனங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. படித்தவர்கள் நிறைந்த பெரிய நகரங்களிலே சாவித் துவாரங்களைக் காகிதத்தால் அடைத்தார்கள். தூமகேதுவின் விஷத்தை முறிக்கும் மாத்திரை என்று சொல்லி விற்றவர்கள் நல்ல லாபம் அடைந்தார்கள்.

குறிப்பிட்ட இரவு வந்தது, போயிற்று. ஒருவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. தூமகேதுவின் வால் பல கோடி கிலோமீட்டர் நீளம் உடையதாயினும், மனிதன் தன் சோதனைச் சாலையில் உண்டாக்கக் கூடிய வெற்றிடத்தைவிட மெல்லியது. கோடைக்கானல் மலையிலிருந்த வான ஆராய்ச்சி நிலையத்தார் அந்தத் தூமகேதுவை அமைதியாகப் புகைப்படம் எடுத்து வைத்தார்கள். புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று அதன்மேல் ஒரு கவிதை பாடி வைத்தார். உலகம் பழையபடி சுழன்றது.

இந்தக் கதையைப் படித்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அதில் மறைந்துள்ள மற்றொரு விஷயம் சிரிப்பதற்குரியதன்று. வாலைக் கண்டு உலகம் நடுங்குவதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பே, வானத்திலிருந்து மெய்யான அபாயம் ஒன்று பூமியில் வந்து விழுந்துவிட்டது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது விழுந்த இடத்தைப் போய்ப் பார்க்கவும் பத்தொன்பது வருஷம் வரையில் யாரும் முன்வரவில்லை.

காட்டைச் சாய்த்த கல்

1908-ம் வருஷம் ஜூன் மாதம் 30-ந் தேதி காலை. ருஷியாவின் கீழ்ப் பகுதியான ஸைபீரியாவில், துங்குஸ்கா என்னும் ஆற்றை அடுத்த பெருங்காட்டின் மேல், சூரியனை ஒத்த ஒரு பிழம்பு வானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வந்தது. பிறகு ஒரு பேரிடி. அங்கிருந்து 65 கிலோமீட்டர் தூரத்தில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தூக்கி எறியப்பட்டார். தம் சட்டையில் தீப் பற்றிக்கொண்டதுபோல் சூடு உறைத்தது என்று அவர் பிற்காலத்தில் கூறினார். தொலைதூர நாடுகளிலிருந்த பூகம்பக் கருவிகள் அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தன. அடுத்த சில நாட்கள் ஐரோப்பாவில் இரவு இரவாகவே இல்லை. நள்ளிரவில் விளக்கின்றிப் பத்திரிகை படிக்க முடிந்ததாம்.

லியோனித் கூலிக் என்ற ருஷிய விஞ்ஞானி 1927-ம் வருஷம் அரும்பாடு பட்டு அவ்விடத்தை அடைந்தார். பெரியதொரு பள்ளத்தையும் அதனடியில் இரும்புக் கல்லையும் காணப் போகிறோம் என்று எண்ணிச் சென்றவர், பள்ளம் எதையும் காணவில்லை. ஆனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மரங்கள் வெளிப்புறம் நோக்கிச் சாய்ந்து கிடந்தன. மத்தியிலிருந்த மரங்கள் மட்டும் கிளையெல்லாம் இழந்து, தந்திக் கம்பங்களைப் போல் நின்றன. சாய்ந்த காட்டின் பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வந்த கல் ஐம்பது அறுபது மீட்டர் குறுக்களவுதான் இருந்திருக்க வேண்டும் என்றும், தரையைத் தொடாமலே பல கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறிவிட்டது என்றும் இக்காலத்தில் கணக்கிடுகிறார்கள். காட்டுக்குப் பதில் அங்கே ஒரு நகரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஐக்கிய நாடுகள் சபை 2016-ம் வருஷத்தில், ஜூன் 30-ந் தேதியைச் சிறு கிரகங்களுக்கான சர்வதேச தினமாக அறிவித்தது இந்தச் சம்பவத்தின் ஞாபகார்த்தமாகவே.

யார் இந்த விருந்தாளிகள்?

இந்தக் கற்கள் எங்கிருந்து வருகின்றன? செவ்வாய் கிரகத்துக்கும் வியாழனுக்கும் இடையே பரந்த ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே ஒரு கிரகம் இருக்க வேண்டுமே என்று சென்ற நூற்றாண்டுகளின் வான சாஸ்திரிகள் தேடினார்கள். 1801-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று, ஸிஸிலித் தீவில் பலெர்மோ நகரிலிருந்த பியாஸி என்னும் பாதிரியார் ஒரு சிறு ஒளிப் புள்ளியைக் கண்டார். ஆறு வாரத்துக்குள் அது சூரியனின் பிரகாசத்தில் மறைந்துபோயிற்று. திரும்ப அது எங்கே வெளிப்படும்? காவ்ஸ் என்ற இருபத்து நான்கு வயது ஜெர்மானிய இளைஞர், கையிலிருந்த சொற்பக் குறிப்புகளைக்கொண்டே அதன் பாதையைக் கணித்துச் சொன்னார். அவ்வருஷத்தின் கடைசி நாளன்று, அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே அது அகப்பட்டது! அதுதான் ஸீரிஸ், சிறு கிரகங்களில் முதலாவது. இக்காலத்துப் பாடப் புத்தகங்கள் இவற்றைச் சிறுகோள்கள் என்று கூறும். சில நாள் பார்த்ததைக்கொண்டு பல மாதத்துக்கு அப்பால் நிகழப் போவதைச் சொல்லும் இந்த வித்தையே, இன்று பூமியைக் காக்கும் வித்தையாகவும் இருக்கிறது.

இந்தத் தேடலில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1861-ம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, நுங்கம்பாக்கத்திலிருந்த வான ஆராய்ச்சி நிலையத்தில் நார்மன் பாக்ஸன் என்பவர் ஒரு சிறு கிரகத்தைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறு கிரகம் ஆகையால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். இன்றும் வான சாஸ்திரிகளின் ஜாபிதாவில் 67-வது எண்ணில் அது இருக்கிறது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் கற்கள் லட்சக்கணக்கில் உண்டு. அவற்றால் நமக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் வியாழன் பெருங்கிரகம். அதன் இழுப்பினால் சில கற்கள் தம் பழைய பாதையை விட்டு விலகி, சூரியனுக்கு அருகில் வந்து, பூமி செல்லும் பாதையையும் நெருங்குகின்றன. அப்படிப்பட்டவை இதுவரை 40,000-க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. தூமகேதுக்களின் ஊர் இன்னும் வெகு தூரம். அவை பனிக்கட்டியும் தூசியும் கலந்த உருண்டைகள். சூரியனை நெருங்கும்போதுதான் அவற்றுக்கு வால் முளைக்கிறது. மோதும் அபாயத்தில் அவற்றின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் அவை முன்னறிவிப்பின்றி வருகிறவை. 2020-ம் வருஷம் ஜூலை மாதத்தில் வெறும் கண்ணுக்கே அழகாகத் தெரிந்த நியோவைஸ் தூமகேது, அதற்கு நான்கு மாதத்துக்கு முன்பு எவருக்கும் தெரியாததாகவே இருந்தது. 1994-ம் வருஷம் ஜூலையில் ஷூமேக்கர்-லெவி என்னும் தூமகேது இருபதுக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைந்து, ஒன்றன்பின் ஒன்றாக வியாழன்மேல் விழுந்தபோது, அங்கே ஏற்பட்ட சில கறுப்புத் தழும்புகள் நம் பூமியின் அளவுக்கு இருந்தன. கிரகங்கள்மேல் மோதல் என்பது பழங்கதை அன்று என்பதை உலகம் நேரிலே பார்த்தது அப்போதுதான்.

சிறிதும் பெரிதும்

வருகிற கல்லின் பருமனைப் பொறுத்தது அபாயம். மணல் அளவுள்ளவை தினந்தோறும் இரவில் எரி நட்சத்திரங்களாகத் தோன்றி மறைகின்றன. சில மீட்டர் குறுக்களவு உள்ளவையும் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் அழிந்துபோகின்றன. துங்குஸ்காவில் வந்ததைப் போன்றது சில நூறு வருஷங்களுக்கு ஒரு முறை வரலாம். ஒரு கிலோமீட்டர் உள்ளது பல லட்சம் வருஷங்களுக்கு ஒரு முறை வரும். ஆனால் வந்தால் உலகம் முழுவதும் பயிர் விளைச்சல் பாதிக்கும்.

மிகப் பெரியது ஒன்று வந்த கதை எல்லோரும் அறிந்ததே. 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் மெக்ஸிகோ நாட்டின் கரையில் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான குறுக்களவுள்ள ஒரு கல் மோதியது. அது தோண்டிய பள்ளம் சுமார் 180 கிலோமீட்டர் அகலம். எழும்பிய தூசியும் புகையும் சூரியனை மறைத்துவிட்டன. பூமியை ஆண்டுகொண்டிருந்த ராட்சசப் பல்லிகள் அந்த இருளைத் தாண்டி வரவில்லை. இதை முதலில் 1980-ம் வருஷம் எடுத்துச் சொன்னவர்கள் லூயி ஆல்வரெஸ், வால்ட்டர் ஆல்வரெஸ் என்னும் தகப்பனாரும் குமாரரும். பூமியில் அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம், அந்தக் காலத்துக் களிமண் படலத்தில் நிறைந்திருப்பதைக் கண்டு அவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள்.

நம் நாட்டிலும் ஒரு சான்று கண் முன்னே இருக்கிறது. மஹாராஷ்டிரத்தில் புல்டாணா ஜில்லாவிலுள்ள லோணார் என்னும் ஊரில், ஏறக்குறைய வட்டமான ஓர் ஏரி உண்டு. 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தில் உவர் நீர் தேங்கி நிற்கிறது. எரிமலையால் உண்டானது என்று முதலில் நினைத்தார்கள். பாதாளத்தில் ஒளிந்திருந்த அசுரனை மஹாவிஷ்ணு சம்ஹாரம் செய்த இடம் என்று அவ்வூர் ஸ்தல புராணம் கூறுகிறது. விண்கல் மோதியதால் உருகிய கண்ணாடித் துகள்களும் நசுங்கிய பாறைகளும் அங்கே கிடைத்த பிறகு சந்தேகம் நீங்கிற்று. அசுரன் பாதாளத்திலிருந்து அல்ல, ஆகாயத்திலிருந்து வந்தான்.

கண்ணாடி உடைந்த காலை

இவையெல்லாம் மனிதர் இல்லாத காலத்திலும், மனிதர் இல்லாத காட்டிலும் நடந்தவை என்று ஆறுதல் அடைபவர்களுக்கு, 2013-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி ஒரு பதில் வந்தது. அன்று வேறொரு சிறு கிரகம் பூமிக்கு 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து செல்லும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால், உலகத்து வான சாஸ்திரிகள் எல்லோரும் அதையே எதிர்நோக்கியிருந்தார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பு, சற்றும் எதிர்பாராத மற்றொரு கல் வந்து சேர்ந்தது.

ருஷியாவில் செல்யாபின்ஸ்க் என்பது பத்து லட்சம் பேர் வசிக்கும் தொழில் நகரம். காலை 9 மணி 20 நிமிஷத்துக்கு வானத்தில் ஒரு பேரொளி தோன்றியது. 20 மீட்டர் குறுக்களவுள்ள கல், விநாடிக்கு 19 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. ஒளியைக் கண்ட ஜனங்கள் என்ன செய்தார்கள்? வேடிக்கை பார்க்க ஜன்னலருகே ஓடினார்கள். ஒளி கணத்தில் வரும். ஓசையும் அதிர்ச்சியும் நிதானமாகப் பின்தொடரும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் கழித்து அதிர்ச்சி அலை வந்து ஜன்னல் கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும், ஒளியைக் கண்டதும் ஓர் ஆசிரியை தம் வகுப்பிலிருந்த நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளையும் மேஜைகளுக்கு அடியில் பதுங்கச் சொன்னார். ஒரு குழந்தைக்கும் காயமில்லை. பதுங்காமல் நின்ற ஆசிரியைக்குத்தான் கையில் பலத்த வெட்டுக் காயம். அந்த அம்மையாருக்கு வான சாஸ்திரம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை; ஆனால் இரண்டு நிமிஷ எச்சரிக்கையை எப்படி உபயோகிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கல்லை ஏன் யாரும் காணவில்லை? அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. சூரியனை நோக்கித் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் திருப்ப முடியாது. கள்வன் விளக்குக்குப் பின்னே நின்றால் காவற்காரனுக்குத் தெரியுமா?

இரண்டு எச்சரிக்கைகள்

இனி, நம் தமிழ் நாட்டவர் மறக்க முடியாத ஒரு வாரத்துக்கு வருவோம்.

2004-ம் வருஷம் ஜூன் மாதத்தில், அமெரிக்காவிலுள்ள கிட் பீக் என்னும் மலையிலிருந்து ஒரு சிறு கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது. 300 மீட்டருக்கு மேல் குறுக்களவு உள்ளது. எகிப்திய புராணத்தில் சூரியனை விழுங்க வரும் பாம்பின் பெயரால், அதற்கு அப்போபிஸ் என்று பிறகு பெயரிட்டார்கள். நம் ராகுவுக்கு அது ஒரு விதத்தில் உறவு எனலாம். டிசம்பர் மாதத்தில் அது மறுபடி தென்பட்டு, அதன் பாதையைக் கணித்தபோது, 2029-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி பூமியின்மேல் மோதினாலும் மோதலாம் என்று தெரிய வந்தது. நாளுக்கு நாள் அந்த வாய்ப்பு அதிகரித்தது. டிசம்பர் 27-ந் தேதி அது 37-ல் ஒரு பங்கு என்ற அளவுக்கு ஏறியது. அதற்கு முன்னும் பின்னும், அத்தனை பெரிய கல்லுக்கு அத்தனை பெரிய வாய்ப்பை வான சாஸ்திரிகள் கணித்ததில்லை. ஆயினும் அச்செய்தியை உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. ஏனெனில் முதல் நாள்தான், டிசம்பர் 26-ந் தேதி காலையில், ஸுமத்ராவின் அருகே கடலடியில் பூமி பிளந்து, சுனாமி எழுந்து, நாகப்பட்டினம் முதலான நம் கரைகளையும் இலங்கையையும் வாரிக்கொண்டு போயிருந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பூகம்பம் நேர்ந்தது இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிஷத்துக்கு. கடல் நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. உலகெங்கும் பூகம்பக் கருவிகள் சில நிமிஷங்களிலேயே துடித்துவிட்டன. பசிபிக் மகா சமுத்திரத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் 1949-ம் வருஷம் முதலே இருந்தது. இந்து மகா சமுத்திரத்தில் அப்படி ஒன்று இல்லை. அலை வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று கரையிலிருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு குரல் இல்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் சுமார் 6,000 உயிர்கள் போயின. ஹைதராபாத்தில் நமக்கென்று ஓர் எச்சரிக்கை நிலையம் 2007-ம் வருஷத்தில்தான் ஏற்பட்டது. ஆக, கடலின் அபாயத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தும் எச்சரிக்கை இல்லை. வானத்தின் அபாயத்துக்கோ இருபத்து நான்கு வருஷங்களுக்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தது. வித்தியாசம் இயற்கையில் இல்லை, காவலில் இருந்தது.

அப்போபிஸ் விஷயம் பிறகு என்ன ஆயிற்று? அதே டிசம்பர் 27-ந் தேதியன்று, முந்தைய மார்ச்சு மாதத்தில் எடுத்த படங்களைத் தேடிப் பார்த்தபோது, ஒரு மூலையில் அந்தக் கல் அகப்பட்டது. அந்த ஒரு புள்ளியைச் சேர்த்துக் கணக்கிட்டதும் 2029-ல் மோதாது என்று உறுதியாயிற்று. 2021-ம் வருஷத்தில் ராடார் கருவியால் அளந்து பார்த்து, அடுத்த நூறு வருஷத்துக்கும் கவலையில்லை என்று தீர்மானித்தார்கள்.

ஏறி இறங்கும் எண்

இவ்விதம் அபாயத்தின் அளவு முதலில் ஏறுவதும் பிறகு திடீரென்று இறங்குவதும் பலருக்குப் புதிராக இருக்கிறது. ‘ஏதோ மறைக்கிறார்கள்’ என்று வதந்தி கிளம்புவதும் இதனால்தான். உண்மையில் இதில் மாயம் ஒன்றும் இல்லை. இருண்ட இரவில், வெகு தூரத்தில், மாட்டு வண்டி ஒன்றின் லாந்தர் விளக்கு ஒரு கணம் தெரிந்து மறைகிறது. அந்தச் சாலை பல கிளைகளாகப் பிரிந்து நூறு ஊர்களுக்குச் செல்கிறது. நம் ஊர் அவற்றில் ஒன்று. வண்டி நம் ஊருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று. சற்று நேரம் கழித்து விளக்கு மறுபடி தெரிகிறது. வடக்கே செல்லும் கிளைகளை அது கடந்துவிட்டது. மீதி நாற்பது ஊர்கள். இப்போது நம் வாய்ப்பு நாற்பதில் ஒன்று. வண்டிக்காரன் மனம் மாறிவிடவில்லை. நம் அறியாமைதான் குறைந்தது. கடைசியில் வண்டி கிழக்கே திரும்பிவிட்டதென்று தெரிந்தால் வாய்ப்பு ஒரே நொடியில் பூஜ்யம். பெரும்பாலான கற்களின் கதை இப்படியே முடிகிறது.

அண்மையில் இதே நாடகம் மறுபடி நடந்தது. 2024-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து, சுமார் 60 மீட்டர் குறுக்களவுள்ள ஒரு கல்லைக் கண்டுபிடித்தார்கள். 2032-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி அது பூமியில் விழலாம் என்ற வாய்ப்பு, 2025 பிப்ரவரியில் நூற்றுக்கு 3.1 வரையில் ஏறியது. விழக் கூடிய இடங்களின் வரிசையில் ஆப்பிரிக்காவும், அரபிக் கடலும், தெற்கு ஆசியாவும் அடங்கியிருந்தன. நம் வீட்டு வாசலை ஒட்டித்தான் அந்தக் கோடு சென்றது! அந்த மாத முடிவுக்குள்ளேயே, மேலும் மேலும் அளந்து, பூமிக்கு ஆபத்தில்லை என்று அறிவித்தார்கள். சர்வதேச ஏற்பாட்டின்படி எச்சரிக்கை வெளியிட்டு, தேசங்கள் எல்லாம் ஒன்று கூடிக் கவனித்து, நிதானமாக அபாயம் நீக்கப்பட்டது. 1910-ல் சாவித் துவாரத்தை அடைத்த உலகத்துக்கு இது பெரிய முன்னேற்றம் அல்லவா?

கல்லை விலக்கும் வித்தை

ஒருவேளை வண்டி நம் ஊருக்கே வருவதாகத் தெரிந்தால் என்ன செய்வது? சினிமாக்களில் காட்டுவதுபோல் வெடிகுண்டு வைத்துத் தகர்ப்பது புத்திசாலித்தனமன்று. ஒரு பாறைக்குப் பதில் நூறு பாறைகள் வரக்கூடும். அதைவிட எளிய வழி, வெகு காலத்துக்கு முன்பே அதை லேசாகத் தள்ளிவிடுவது. விநாடிக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் வேகம் மாறினால் போதும்; எறும்பு ஊரும் வேகந்தான். ஆனால் இருபது வருஷத்தில் அது 6,300 கிலோமீட்டர் வித்தியாசமாகப் பெருகிவிடும். பூமியின் மையத்திலிருந்து மேற்பரப்பு வரையில் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இந்த வித்தையில் பலத்தைவிட முக்கியமானது காலம். முன்னே தெரிந்தால் எறும்பின் பலம் போதும். கடைசி வாரத்தில் தெரிந்தால் யானையின் பலமும் போதாது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2022-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, பூமியிலிருந்து 1 கோடியே 10 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், டார்ட் என்னும் அமெரிக்க விண்கலம் வேண்டுமென்றே ஒரு பாறையின்மேல் மோதியது. டைமார்ப்பஸ் என்பது அதன் பெயர். சுமார் 160 மீட்டர் குறுக்களவு. தன்னைவிடப் பெரிய மற்றொரு பாறையை 11 மணி 55 நிமிஷத்துக்கு ஒரு முறை அது சுற்றி வந்துகொண்டிருந்தது. விண்கலத்தின் எடை 600 கிலோவுக்கும் குறைவு. வேகம் விநாடிக்கு 6 கிலோமீட்டர். மோதிய பிறகு டைமார்ப்பஸ் சுற்றும் நேரம் 32 நிமிஷம் குறைந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் மாறினாலே வெற்றி என்று திட்டமிட்டிருந்தார்கள். ஆகாயத்துப் பொருள் ஒன்றின் பாதையை மனிதன் தெரிந்தே மாற்றியது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை. அந்தத் தழும்பை அருகிருந்து பார்ப்பதற்கென்று ஹீரா என்னும் ஐரோப்பிய விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டது.

நம் பங்கு

பூகம்பத்தை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. புயலைச் சில தினங்களுக்கு முன் சொல்லலாம், தடுக்க முடியாது. இயற்கையின் பெரிய அபாயங்களுள், பல வருஷங்களுக்கு முன்பே அறிந்து, அடியோடு தடுத்துவிடக் கூடியது இது ஒன்றே. அதற்கு வேண்டியதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். அந்தக் கண்கள் இன்னும் போதவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கற்களில் மிகப் பெரும்பாலானவை ஜாபிதாவில் ஏறிவிட்டன. ஆனால் ஒரு நகரத்தையோ ஜில்லாவையோ பாழாக்கக் கூடிய 140 மீட்டர் அளவுக் கற்களில் பாதிக்கு மேல் இன்னும் கண்ணில் படாமலே உலவுகின்றன.

இதில் பாரத தேசத்துக்கு ஒரு கடமை இருக்கிறது. அமெரிக்காவில் பகலாக இருக்கும் பொழுது நமக்கு இரவு. அவர்கள் கண் மூடியிருக்கும் நேரத்தில் விழித்திருக்க வேண்டியவர்கள் நாம். நமக்கு இது புதிய தொழிலுமன்று. சென்னையில் பிறந்த வைணு பாப்பு 1949-ம் வருஷத்தில், அமெரிக்காவில் மாணவராக இருந்தபோதே ஒரு தூமகேதுவைக் கண்டுபிடித்தார். தாய்நாடு திரும்பியபின் அவர் தேர்ந்தெடுத்த இடந்தான் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். அங்கிருந்து 1980-களில் ராஜமோகன் என்னும் விஞ்ஞானியும் அவர் தோழர்களும், ‘கல்கி’ என்று பெயரிட்ட திட்டத்தின்கீழ்ச் சிறு கிரகங்களைத் தேடினார்கள். 1988-ம் வருஷம் பிப்ரவரி 17-ந் தேதி அவர்கள் கண்ட சிறு கிரகத்துக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. பாக்ஸனுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் நம் நாட்டில் விட்டுப்போயிருந்த நூல் அன்று மறுபடி இணைக்கப்பட்டது. சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் கலங்களை அனுப்பிய தேசம், அந்த நூலை மீண்டும் அறாமல் காப்பது பெரிய காரியமன்று. காவலூர் என்ற ஊர்ப் பெயரே நமக்கு அதை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது.

அப்போபிஸ் குறித்த நாளில் வரத்தான் போகிறது. மோதுவதற்கல்ல, பார்த்துவிட்டுப் போவதற்கு. இந்து மகா சமுத்திரத்தின் மேலாகக் கடந்து, ஆப்பிரிக்காவைத் தாண்டிச் சென்று, நம் கடிகாரத்தில் 2029-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி அதிகாலை 3 மணி 16 நிமிஷத்துக்குப் பூமியை மிக நெருங்கும். அப்போது நமக்கும் அதற்கும் இடையே 32,000 கிலோமீட்டர்தான்; நம் டெலிவிஷன் செய்திகளைச் சுமக்கும் செயற்கைச் சந்திரன்களைவிடத் தாழ்ந்த உயரம். அத்தனை பெரிய கல் அத்தனை அருகில் வருவது சில ஆயிரம் வருஷங்களுக்கு ஒரு முறை நேரக்கூடியது. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் அதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடியும் என்கிறார்கள். அதனுடன் சேர்ந்து பயணம் செய்ய ஐரோப்பியர்கள் ராம்ஸஸ் என்ற ஒரு கலத்தையும் ஆயத்தம் செய்கிறார்கள்.

அன்று நம் வீடுகளில் சித்திரை பிறக்கும் நாள். கீலக வருஷம் போய் சௌமிய வருஷம் பிறக்கும். வழக்கம்போல் அன்று பஞ்சாங்கம் படிக்கும்போது, கிரகங்களின் சஞ்சாரத்தோடு, பொழுது விடிவதற்குள் நம்மைக் கடந்து போன இந்தக் கல்லைப் பற்றியும் வீட்டுக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். அது வரும் நாளையும் நாழிகையையும் இத்தனை வருஷங்களுக்கு முன்பே மனிதர்கள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள் என்பதையும், அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.